ரோல்-ப்ளேயிங் கேம் பிராண்டை நடத்துவது எப்படி: கேம் மாஸ்டரிடமிருந்து தொடங்குங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை ஆடும் ஒரு டேபிள்டாப் ரோல்-ப்ளேயிங் கேமை எழுதி முடித்துவிட்டீர்கள், நண்பர்கள் நாலைந்து பேர் ஆடிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், இப்போது இதை ஒரு பிராண்டாக வளர்த்துப் பிழைக்க முடியுமா என்று யோசிக்கிறீர்கள். முடியும். ஆனால் லோகோ, இணையதளம், அட்டைப்படம் என்று இறங்குவதற்கு முன் ஒரு கேள்வியை முடித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கேமைக் காசு கொடுத்து வாங்கப்போவது யார்?

ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆடும் மேசையில் பெரும்பாலும் ஒருவர்தான் பணம் செலவழிப்பார், அவர்தான் கதையையும் விதிகளையும் நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர். அவர்தான் ரூல்புக்கை வாங்குகிறார், வாரம் முழுக்க அதைப் படிக்கிறார், மற்றவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழமைக்கு ஒப்புக்கொள்ள வைக்கிறார், வந்தவர்களுக்கு விதிகளைச் சொல்லித் தருகிறார். அவர் சலித்துப்போனால் அந்த மேசையே மூடிவிடும், கூடவே அந்த ஐந்து பேரும் உங்கள் கையை விட்டுப் போய்விடுவார்கள். அதனால் என்ன எழுதலாம், எத்தனை புத்தகம் போடலாம், லைசென்ஸ் எப்படிக் கொடுக்கலாம் என்று எந்த முடிவு எடுத்தாலும், இது அந்த ஒரு மனிதரின் வேலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் பெரிய நிறுவனங்கள் விழுந்த இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேள்வியை மறந்த இடங்களாகத்தான் இருக்கின்றன.

முதல் வேலை, நீங்கள் இல்லாமல் உங்கள் கேமை ஆட வைப்பது. எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த கேமும் நன்றாகத்தான் ஓடும், ஏனென்றால் புத்தகத்தில் இல்லாததை அவர் வாயால் சொல்லி நிரப்பிவிடுவார். நண்பர் ஒருவர் எழுதிய கேமுக்கு இப்படி ஒரு டெஸ்ட் நடந்தபோது நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்தேன். ஆடுபவர் ஒருவர், "கயித்தப் பிடிச்சு அந்தப் பக்கம் தாவுறேன், தவறி விழுந்தா எவ்வளவு அடிபடும்?" என்று கேட்டார். கேம் மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். 41-ஆம் பக்கம் 112-ஐப் பார்க்கச் சொன்னது, 112-இல் இருந்த அட்டவணையின் பாதி அடுத்த தாளுக்குப் பின்பக்கம் போயிருந்தது. அவர் விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைத் தேடி முடிப்பதற்குள் ஒருவர் போனை எடுத்துவிட்டார், இன்னொருவர் டீ போட எழுந்து போய்விட்டார். விதியில் ஒரு குறையும் இல்லை, இருந்த இடம்தான் தப்பு. அடுத்த வரைவில் விழுதல், தீக்காயம், விஷம் மூன்றையும் அட்டையின் உள்பக்கத்துக்குக் கொண்டுவந்தார், அப்புறம் அந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதே வரவில்லை.

அதனால் டெஸ்ட் முடிந்ததும் "பிடித்திருந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், உங்கள் முகத்துக்காக எல்லாரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எந்தெந்த இடத்தில் புத்தகத்தை எடுத்தார்கள், எவ்வளவு நேரம் தேடினார்கள், எந்த விதியைக் கண்டுபிடிக்க முடியாமல் தாங்களே ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களும் இதைப் பொதுவெளியில் செய்திருக்கின்றன: இந்தத் துறையின் மிகப் பிரபலமான கேமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வருவதற்கு முன் இரண்டு வருடம் பொதுமக்களிடம் சோதித்தார்கள், 1,75,000 பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள். உங்களுக்கு அத்தனை பேர் வேண்டாம். உங்களைத் தெரியாத ஐந்து கேம் மாஸ்டர்கள் கிடைத்தால் போதும்.

சிறிய பிராண்டுக்கு நல்ல பாடமாக நான் எடுத்துச் சொல்வது ஷேடோடார்க் என்ற கேம். கெல்சி டியான் என்பவர் தி ஆர்கேன் லைப்ரரி என்ற பெயரில், மேசையில் வைத்துப் பார்த்தபடியே நடத்தக்கூடிய மாதிரி சின்னச் சின்ன அட்வென்ச்சர்களை, அதாவது கேம் மாஸ்டர் நடத்துவதற்கான தயார் கதைகளை, முன்பிருந்தே எழுதி வந்தார். அவற்றை வாங்கி நடத்திய கேம் மாஸ்டர்கள்தான் அவருடைய முதல் வாசகர்கள். சொந்த கேமைக் கொண்டுவந்தபோது முதலில் குயிக்ஸ்டார்ட் விதிகளை, அதாவது உடனே ஆடத் தொடங்கப் போதுமான சுருக்க விதிகளை, இலவச பி.டி.எஃப்.-ஆகக் கொடுத்தார், 2023-இல் வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பதின்மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, அடுத்த வருடம் இந்தத் துறைக்கென்றே உள்ள என்னி விருதுகளில் ஆண்டின் சிறந்த தயாரிப்பாகத் தேர்வானது. அந்த கேமில் ஒரு விதி இருக்கிறது: தீப்பந்தம் கடிகாரத்தில் நிஜமான ஒரு மணி நேரம்தான் எரியும். மேசையில் யாராவது டைமரை ஓடவிட்டுவிடுவார்கள், ஒரு மணி நேரம் ஆனதும் இருட்டிவிடும், சும்மா பேசிக்கொண்டிருந்தாலும் இருட்டிவிடும். இதை ஒரு தடவை ஆடியவர் மறுநாள் ஆபீஸில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், கேட்பவருக்கும் உடனே புரிந்துவிடும். உங்கள் கேமில் அப்படிச் சொல்லக்கூடியது என்ன என்று தேடுங்கள். பத்து இனம், நாற்பது தொழில், முந்நூறு மந்திரம் என்று யாரும் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார்கள்.

சரி, புதிதாக வருபவர் எதை வாங்கி உள்ளே வருவார்? முந்நூறு பக்கப் புத்தகத்தை முதலிலேயே நீட்டாதீர்கள். 2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டைப் பாருங்கள், அப்போது இருபது டாலர்தான். உள்ளே 32 பக்க விதிகள், 64 பக்க அட்வென்ச்சர், ஏற்கனவே தயாராக எழுதிவைத்த ஐந்து கேரக்டர்கள், ஆறு பகடைகள். விதிகளை விட அட்வென்ச்சர் இரண்டு மடங்கு பெரியது, அதுதான் அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். புது கேம் மாஸ்டருக்குப் பெரிய கவலை, வந்து உட்கார்ந்தவர்களிடம் முதலில் என்ன சொல்வது என்பதுதான். அந்த முதல் வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் நடத்திவிடுவார். கூடவே அடிப்படை விதிகளை இலவசமாகவும் கொடுத்தார்கள், ஆடுபவர் நாலு பேரும் புத்தகம் வாங்காமலே மேசைக்கு வரலாம்.

இனி எத்தனை புத்தகம் போடுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் ஆசை மிஞ்சிவிடும், இதில்தான் டி.எஸ்.ஆர். என்ற நிறுவனமே கவிழ்ந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி.எஸ்.ஆர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில் 1973-இல் தொடங்கியது. அடுத்த வருடம் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக, பத்து டாலர் விலையில், ஆயிரம் பிரதி போட்டார்கள். அந்த ஆயிரமும் விற்றுத் தீர்ந்தது, அதில் வந்த பணத்தில் அடுத்த அச்சு. அப்படி வளர்ந்த நிறுவனம் தொண்ணூறுகளுக்கு வரும்போது ஒரே கேமுக்குத் தனித்தனி உலகங்களாக அடுக்கிக்கொண்டே போனது: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், டிராகன்லான்ஸ், ஸ்பெல்ஜாமர், ரேவன்லாஃப்ட், டார்க் சன், அல்-காதிம், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட். ஒவ்வொன்றும் அழகு, சிலவற்றை இன்றைக்கும் மனிதர்கள் காதலிக்கிறார்கள். ஆனால் டார்க் சன் மேசை நடத்துபவருக்கு பர்த்ரைட் புத்தகம் வேண்டாம், பர்த்ரைட்காரருக்கு ரேவன்லாஃப்ட் வேண்டாம். கேம் மாஸ்டர்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடவில்லை, இருந்தவர்கள்தான் எட்டுப் பத்துக் கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுத்து, ஓவியம், அச்சு என்று செலவு மட்டும் முழுசாக ஆனது, விலைக்கு மேல் செலவு பிடித்த பெட்டி செட்டுகளும் வெளிவந்தன.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. புத்தகக் கடைகளுக்கு விநியோகித்த ராண்டம் ஹவுஸிடம், சரக்கை அனுப்பியவுடனேயே பணம் வந்துவிடும் மாதிரி ஒப்பந்தம் இருந்தது, கடையில் விற்காத பிரதிகள் பின்னால் திரும்பி வரும். பணம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் அச்சடித்து அனுப்பலாம் என்ற நிலைமை வந்துவிட்டால் எந்த நிர்வாகமும் தடுமாறும். திரும்பி வந்த சரக்கு ஒரு நாள் மொத்தமாகக் கழுத்தைப் பிடித்தது, அச்சுக்காரருக்குப் பாக்கி, புதுப் புத்தகம் அச்சாகவில்லை, 1997-இல் மேஜிக் அட்டை விளையாட்டால் வளர்ந்திருந்த விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் மொத்த நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு எளிமையானது. கடைக்குப் போன பிரதியை விற்ற பிரதியாக எழுதாதீர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதை மட்டும் எழுதுங்கள். புதிதாக ஒரு புத்தகம் போடும் முன், இதை ஏற்கனவே மேசை நடத்தும் கேம் மாஸ்டர்களில் எத்தனை பேர் அப்படியே எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கும் குறைவு என்றால் அதைச் சின்ன பி.டி.எஃப்.-ஆகப் போட்டுப் பாருங்கள். அவசரமாக அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டை விலை ஐம்பது டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஹாபி கடைகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் போனால் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 40 சதவீதம், இருபது டாலர். அச்சுக்கும் கப்பலுக்கும் பத்து டாலர் போனால் மிச்சம் பத்து, அதற்குள்தான் எழுத்தாளர், ஓவியர், எடிட்டர், லேஅவுட், கிடங்கு வாடகை, அப்புறம்தான் நீங்கள். அதனால் அச்சுச் செலவு அட்டை விலையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் கடை விற்பனை உங்களுக்குக் கட்டாது, விலையை ஏற்றுங்கள் அல்லது நேரடி விற்பனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலையை ஏற்றப் பயந்து நஷ்டத்துக்கு விற்பவர்கள்தான் சிறு பதிப்பாளர்களில் அதிகம், இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் இரண்டாவது புத்தகம் வருவதற்கு முன்பே அவர்கள் கடையை மூடிவிடுகிறார்கள்.

கிரவுட்ஃபண்டிங் முன்பணம் தருகிறது, ஆனால் அதில் எவ்வளவு உங்களுடையது என்று கடைசிப் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கார்டு கட்டணம் தனி. கெட்டி அட்டைபோட்ட பெரிய புத்தகம் ஒரு கிலோவைத் தாண்டும், அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு சில சமயம் புத்தக விலையையே தொட்டுவிடும். கால் ஆஃப் துலூ என்ற திகில் கேமை வெளியிடும் கேயாசியம் 1975-இலிருந்து இருக்கும் நிறுவனம், அனுபவத்துக்குக் குறைவே இல்லை. அவர்கள் 2013-இல் ஏழாம் பதிப்புக்குக் கிக்ஸ்டார்ட்டரில் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். திரட்டும்போது ஒவ்வொரு இலக்கைத் தாண்டும்போதும் கூடுதலாக இதையும் தருகிறோம் என்று சேர்த்துக்கொண்டே போனதும், அனுப்பும் செலவைக் குறைவாகப் போட்டதும் சேர்ந்து நிறுவனத்தையே ஆட்டிவிட்டன. 2015-இல் நிறுவனர் கிரெக் ஸ்டாஃபோர்டும் அந்த கேமை உருவாக்கிய சாண்டி பீட்டர்சனும் திரும்பி வந்து நிர்வாகத்தை மாற்றித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. எழுதி முடித்த புத்தகத்தோடு போங்கள், கூடுதல் இலக்குகளைப் பக்கங்களாக வைக்காமல் நல்ல தாள், தைத்த பைண்டிங், புக்மார்க் ரிப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பும் கட்டணத்தை அனுப்பும் சமயத்தில் தனியாக வாங்குங்கள்.

இப்போது லைசென்ஸ், அதாவது உங்கள் கேமைப் பிறர் பயன்படுத்தக் கொடுக்கும் அனுமதி. இதைச் சட்டக்காரர் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், உங்கள் பிராண்டின் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் இதுதான்.

2000-இல் விசார்ட்ஸ் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, ரையன் டான்சி என்பவரின் முயற்சியால் ஓபன் கேம் லைசென்ஸ் வந்தது. மற்றவர்கள் அந்த விதிகளை வைத்துச் சொந்தமாக அட்வென்ச்சர், உலகம் எல்லாம் போட்டு விற்கலாம், ராயல்டி கிடையாது. எதிராளிக்கு ஆயுதம் கொடுப்பது போலத் தெரியும், ஆனால் அட்வென்ச்சர் புத்தகம் போடுவதில் லாபம் குறைவு, கேம் மாஸ்டருக்கோ வாரா வாரம் அதுதான் வேண்டும். அந்த வேலையை ஊரில் உள்ள எல்லாரும் செய்ய, ஆடத் தேவைப்படும் ரூல்புக்கை மட்டும் நீங்கள் விற்கிறீர்கள். கணக்கு சரியாக வேலை செய்தது.

2008-இல் நான்காம் பதிப்போடு அந்தத் திறந்த லைசென்ஸைப் புது விதிகளுக்குக் கொடுக்காமல் இறுக்கமான வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். 2007 வரை அவர்களுடைய இதழ்களையே வெளியிட்டுவந்த பைஸோ, பழைய லைசென்ஸை வைத்துப் பழைய விதிகளைச் செப்பனிட்டு 2009-இல் பாத்ஃபைண்டர் என்று சொந்தமாகப் போட்டது. பழைய புத்தகங்கள் அலமாரி நிறைய வைத்திருந்த கேம் மாஸ்டர்களுக்கு அது வரம், சில வருடத்தில் ஹாபி கடைகளில் பாத்ஃபைண்டர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே விற்பனையில் முந்தியது.

அப்படியும் 2023 ஜனவரியில் மறுபடி நடந்தது. விசார்ட்ஸின் புது லைசென்ஸின் வரைவு வெளியே கசிந்தது. ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் ராயல்டி கட்ட வேண்டும், இருபது வருடமாக எல்லாரும் நம்பியிருந்த பழைய லைசென்ஸ் இனி செல்லாது என்று அதில் இருந்தது. கம்பெனிகள் மட்டும் கொதிக்கவில்லை, மேசை நடத்தும் சாதாரண ஆட்கள் விசார்ட்ஸின் டி அண்ட் டி பியாண்ட் இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். திருத்திய வரைவுக்குக் கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள், அதில் 88 சதவீதம் பேர் அந்த லைசென்ஸில் எதையும் வெளியிட விருப்பமில்லை என்றார்கள். ஜனவரி 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளையே யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் விட்டது, இனி திரும்பப் பெறவே முடியாது. அதற்குள் பைஸோ, எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த ரூல்புக் இருப்பு இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது.

ஆகவே முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள். விதிகளை எல்லாரும் பயன்படுத்தலாம் என்றால் அதை ஏற்கனவே உள்ள, யாராலும் திரும்பப் பெற முடியாத ஒரு லைசென்ஸில் கொடுங்கள், சொந்தமாக ஒன்றை எழுதி உட்காராதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் விளையாட்டின் விதிமுறைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) எப்படியும் கிடையாது, நீங்கள் எழுதிய சொற்களுக்கும் ஓவியங்களுக்கும்தான் உண்டு. கேமின் பெயர், லோகோ, உங்கள் உலகத்தின் முக்கியப் பாத்திரங்கள், இவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெயருக்கு டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள். உங்கள் கேமுக்கு எழுதுபவர்கள் அட்டையில் என்ன போட்டுக்கொள்ளலாம், எந்த லோகோ, எந்த வாக்கியம் என்று ஒரே பக்கத்தில் சாதாரண மொழியில் எழுதி வையுங்கள். பிறர் எழுதியதை உங்கள் கடையிலேயே விற்கப் போகிறீர்கள் என்றால் பங்கு எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் பிறர் எழுதியதை விற்க 2016-இல் தொடங்கிய டி.எம்.ஸ் கில்ட் என்ற இணையக் கடை எழுதியவருக்குப் பாதி கொடுக்கிறது, பதிலுக்கு அவர் அதை வேறெங்கும் விற்க முடியாது. அதைவிட நல்ல பங்கு உங்களால் தர முடிந்தால் தாருங்கள், அப்படி எழுதுபவர்கள்தான் நாளைக்கு உங்களிடம் வேலைக்கு வருவார்கள்.

புதுப் பதிப்பு எப்போது போடுவது? பழைய புத்தகம் வைத்திருப்பவர் அதை வைத்து இன்னும் ஆட முடியும்படி போட முடிந்தால் போடுங்கள். கால் ஆஃப் துலூ 1981-இல் வந்தது, ஏழு பதிப்பு ஆகியும் பழைய கதைகளைச் சின்னத் திருத்தத்தோடு இன்றைக்கு நடத்தலாம். அதனால் அவர்களுக்கு நாற்பது வருடச் சரக்கும் உயிரோடு இருக்கிறது, திரும்ப அச்சடித்தும் விற்கிறார்கள். மறுபக்கம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2000-இல் மூன்றாம் பதிப்பைப் போட்டு 2003-லேயே 3.5 என்று மாற்றியபோது, அதை நம்பி எழுதிய சின்ன நிறுவனங்களின் புத்தகங்கள் கடைகளில் அப்படியே தேங்கின, பலர் அதிலிருந்து எழவே இல்லை.

ஸ்ட்ரீமிங் பற்றிக் கேட்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதையே காட்டும் கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சி 2015 மார்ச்சில் நேரலையாகத் தொடங்கி, நான்கு வருடத்தில் அனிமேஷன் தொடருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ரசிகர்களிடம் திரட்டியது உண்மைதான். ஆனால் அவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள், கேமரா வருவதற்கு முன்பே வீட்டில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். நடிகர்களைக் கூலிக்கு அமர்த்தி உங்கள் கேமை ஒரு தடவை ஆடச் சொல்வதில் பணத்தைப் போடாதீர்கள். அந்தப் பணத்தில் இருபது கேம் மாஸ்டர்களுக்குப் புத்தகத்தை இலவசமாக அனுப்பி, அவர்கள் ஊர்க் கடையிலோ கன்வென்ஷனிலோ நடத்த நாலு மணி நேர அட்வென்ச்சர் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் நடத்தி முடித்ததும் உட்கார்ந்து பேசுங்கள், உங்கள் அடுத்த புத்தகத்தின் பாதி அந்தப் பேச்சில் கிடைக்கும்.

ஒப்பந்தங்களை மறந்துவிடாதீர்கள். எழுத்தாளர், ஓவியர் எல்லாரிடமும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள், யாருக்கு எது சொந்தம், எப்போது எவ்வளவு பணம் என்று. உங்களோடு சேர்ந்து கேமை உருவாக்கிய நண்பரிடமும்தான். டேவ் ஆர்னசன் தனக்கு வரவேண்டிய ராயல்டிக்காக 1979-இல் டி.எஸ்.ஆர். மீது வழக்குப் போட வேண்டி வந்தது, அவரும் கைகாக்ஸும் சேர்ந்து ஒரு புது விளையாட்டையே உருவாக்கியவர்கள்.

முதல் ஆண்டுக்கு நான் சொல்லும் வரிசை இது: இலவசக் குயிக்ஸ்டார்ட், அதை வைத்து முன்பின் தெரியாத கேம் மாஸ்டர்கள் நடத்தும் டெஸ்ட், பிறகு ஒரே ஒரு ரூல்புக், அது வெளியாகும் அதே நாளில் இரண்டு மூன்று செஷனில் முடியும் ஒரு அட்வென்ச்சர், அதற்குப் பிறகு ஒரு கேம் மாஸ்டர் ஸ்கிரீன், அதாவது அவர் தன் முன்னால் நிறுத்திவைத்துப் பார்க்கும் மடிப்பு அட்டை. ஸ்கிரீனின் உள்பக்கத்தில் என்ன போடுவது என்று யோசிக்க வேண்டாம், டெஸ்டில் எந்தெந்தப் பக்கத்தைத் தேடி விரல் அலைந்தது என்று எழுதி வைத்திருப்பீர்களே, அதை எடுத்து வரிசையாக அடுக்குங்கள்.